மக்குவாரித் தீவில் பூனையும் முயலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

உணவுச் சங்கிலி என்றதும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வரும் படம் பலருக்கு நினைவிருக்கும். புல், புல்லைத் தின்னும் முயல், முயலைத் தின்னும் நரி. நரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்பார். முயல் பெருகும், புல் அழியும் என்று நாமும் எழுதியிருப்போம். அந்தக் கேள்வியை ஒரு நிஜமான தீவில், நரிக்குப் பதில் பூனையை வைத்துக் கேட்டபோது கிடைத்த பதில்கள்தான் இந்த ஆய்வு. பதில் ஒன்றல்ல, பல. அவை வந்து சேர 200 ஆண்டுகள் ஆயின.

அங்கே முடிவெடுத்தவர்கள் பூங்கா அதிகாரிகள், அறிவியலாளர்கள், வேட்டைக்காரர்கள். அவர்களைப் பணியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். அவர்கள் கண்ணுக்கு அப்போது என்ன தெரிந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதே இங்கே முக்கியம்.

தீவு எப்படிப்பட்டது

மக்குவாரி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கிட்டத்தட்ட அண்டார்டிகாவுக்குப் பாதி வழி. 34 கிலோமீட்டர் நீளம், அகலம் 5 கிலோமீட்டர் அளவு. ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் மழையோ பனியோ தூறலோ ஏதாவது ஒன்று விழும். காற்று ஓய்வதே இல்லை. மரம் ஒன்றுகூடக் கிடையாது.

மரம் இல்லாத இடத்தில் மரத்தின் வேலையைப் புல் செய்கிறது. ஆளுயரத்துக்கு வளரும் ஒரு குத்துப்புல் மலைச்சரிவு முழுவதும் அடர்ந்து நிற்கும். அதன் வேர்தான் ஊறிக்கிடக்கும் கரிமண்ணைச் சரிவில் பிடித்து வைத்திருக்கிறது. அதோடு பெரிய இலைகளை விரிக்கும் சில பூண்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்று மக்குவாரி முட்டைக்கோஸ் எனப்படுவது. ஸ்கர்வி நோய்க்கு அஞ்சிய மாலுமிகள் அதைத் தின்றிருக்கிறார்கள். இந்தச் செடிகள் உருவான காலம் முழுவதும் தீவில் மேயும் விலங்கு எதுவும் இருந்ததில்லை. அதனால் முள்ளோ கசப்போ நஞ்சோ வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசியம் அவற்றுக்கு வரவில்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தீவுக்கு உரம் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. பென்குயின்கள், ஆல்பட்ராஸ்கள், மண்ணில் வளை தோண்டி வாழும் பெட்ரல் வகைப் பறவைகள் என்று லட்சக்கணக்கான கடற்பறவைகள் இனப்பெருக்கத்துக்காக இங்கே வருகின்றன. மீனையும் கூனிப்பொடியையும் கடலில் தின்றுவிட்டு, எச்சத்தை நிலத்தில் விடுகின்றன. வளை தோண்டும்போது மண் கிளறப்படுகிறது. புல் அதில் செழிக்கிறது. செழித்த புல் வளையை மூடி மறைத்து, வானிலிருந்து வேட்டையாடும் ஸ்குவா பறவையிடமிருந்து குஞ்சைக் காக்கிறது. கடல், பறவை, மண், புல், மறுபடி பறவை என்று ஒரு சுற்று. ஆற்றலும் சத்தும் ஒரு சூழல் மண்டலத்துக்குள் எப்படிப் பயணிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் பாடம்: 1810 முதல் 1891 வரை

1810-ல் கடல்நாய் வேட்டைக்காரர்கள் இந்தத் தீவைக் கண்டார்கள். ரோமத்துக்காகக் கொல்லப்பட்ட கடல்நாய்கள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோயின. அடுத்து எண்ணெய்க்காக யானைச் சீல்கள், அதற்கும் அடுத்து பென்குயின்கள். கப்பல்களோடு எலியும் சுண்டெலியும் வந்தன, பூனைகளும் வந்தன. 1820-க்குள் பூனைகள் தீவில் தன்னிச்சையாகத் திரிய ஆரம்பித்துவிட்டன.

தீவில் அப்போது ஒரு கிளி இனம் இருந்தது. மரம் இல்லாததால் புல் தூரின் அடியில், தரையிலேயே கூடு கட்டும் கிளி. கடற்கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசியில் பூச்சி பொறுக்கித் தின்னும். தரையில் வாழும் கிளியும் பூனையும் ஒரே தீவில் இருந்தால் கிளி உடனே அழிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பூனை வந்த பிறகும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்தக் கிளி ஏராளமாகவே இருந்தது.

1870-களின் இறுதியில் வேட்டைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக்காக முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நியூசிலாந்தின் வெக்கா என்ற பறக்காத பறவையும் அதே காலகட்டத்தில் வந்தது. 1891 வாக்கில் கிளி அற்றுப்போனது. தீவுக்கே உரிய ஒரு நீர்க்கோழி இனமும் போய்விட்டது.

முயல் கிளியைத் தின்னாதே, பிறகு எப்படி? விடை குளிர்காலத்தில் இருக்கிறது. பெரும்பாலான கடற்பறவைகள் குளிர்காலத்தில் தீவைவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்த மாதங்களில் பூனைகளுக்கு இரை கிடைக்காது. பல பட்டினியில் சாகும். பூனைகளின் எண்ணிக்கையை ஒரு மட்டத்துக்கு மேல் ஏறவிடாமல் வைத்திருந்தது அந்தப் பட்டினிதான். முயல் வந்ததும் ஆண்டு முழுக்க இரை கிடைத்தது. குளிர்காலத்தைத் தாண்டிய பூனைகள் அதிகமாயின, வெக்காவும் அதோடு சேர்ந்துகொண்டது, கிளியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஓர் இரை விலங்கு பெருகுவதால் வேட்டை விலங்கு பெருகி, அதனால் இன்னோர் இரை விலங்கு அழிவதைச் சூழலியலில் தனியாகவே படிக்கிறார்கள். முயலும் கிளியும் நேரில் மோதிக்கொள்ளவே இல்லை. நடுவில் பூனை நின்றது.

இந்தத் தீவில் முயலின் கதையும் பூனையின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த விளக்கத்தை ஆய்வாளர்கள் எழுதியது 1970-களின் இறுதியில்தான்.

முயலுக்கு ஒரு கிருமி: 1968 முதல் 1980-கள் வரை

1948-லிருந்து தீவில் ஆஸ்திரேலியாவின் நிரந்தர ஆய்வு நிலையம் இயங்குகிறது. அங்கிருந்தவர்கள் முயல் செய்யும் சேதத்தைக் கண்ணால் பார்த்தார்கள். சரிவுகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் முயலைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது மிக்சோமா வைரஸ். அங்கே அதைப் பரப்பியதில் பெரும்பங்கு கொசுவுக்கு. மக்குவாரியின் குளிரில் கொசு கிடையாது. அதனால் 1968-ல் முதலில் முயல் தெள்ளுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயல்களிடையே பரவ ஆண்டுகள் பிடித்தன. பிறகு 1978-ல் வைரஸ் விடப்பட்டது. அந்த ஆண்டு முயல்களின் எண்ணிக்கை சுமார் 1,30,000 என்று மதிப்பிடப்பட்டது. 1980-களில் அது 20,000-க்கும் கீழே இறங்கியது. குத்துப்புல் திரும்ப முளைத்தது, பெரிய இலைப் பூண்டுகள் தலைகாட்டின.

இதை வெற்றி என்றுதான் பார்த்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் இந்த வைரஸை ஒருமுறை விட்டுவிட்டு மறந்துவிட முடியாது. நோயில் பிழைத்த முயல்கள் எதிர்ப்புச் சக்தியைக் குட்டிகளுக்குக் கடத்தும். அதனால் ஆண்டுதோறும் புதிய வைரஸைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நோயும் ஒரு வேட்டை விலங்கைப் போலத்தான். இரை அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும்.

பூனைகளை அகற்றும் முடிவு: 1985 முதல் 2000 வரை

முயல் குறைந்ததும் பூனைகள் என்ன செய்தன? இருந்த இடத்திலேயே இரையை மாற்றிக்கொண்டன. பூனைகள் ஆண்டுக்குச் சுமார் 60,000 கடற்பறவைகளைக் கொல்கின்றன என்ற மதிப்பீடு அப்போது பேசப்பட்டது. வளையில் குஞ்சு பொரிக்கும் சிறிய பெட்ரல்களுக்குத்தான் அதிக அடி. சாம்பல் பெட்ரல் பல பத்தாண்டுகளாகத் தீவில் குஞ்சு பொரிக்கவே இல்லை. நீலப் பெட்ரல், பூனை எட்ட முடியாத கடல் நடுப் பாறைகளில் மட்டும் எஞ்சியிருந்தது.

அதிகாரிகளின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பூனையை விட்டுவைத்துப் பறவை அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இன்னொன்று, பூனையை அகற்றிவிட்டு முயலை வைரஸால் தொடர்ந்து அடக்கிவைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1980-களின் நடுவில் தொடங்கிய பூனைக் கட்டுப்பாடு, 1990-களின் இறுதியில் தீவிரமான ஒழிப்பாக மாறியது. பொறி வைத்தார்கள், சுட்டார்கள். கிட்டத்தட்ட 2,500 பூனைகள் கொல்லப்பட்ட பிறகு, 2000-ம் ஆண்டில் கடைசிப் பூனையும் போனது. வெக்காக்கள் 1980-களின் இறுதியிலேயே அகற்றப்பட்டுவிட்டன. இதற்கிடையில் 1997-ல் தீவு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

அந்த முடிவை இன்று குறை சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன். பூனைகள் அருகும் தறுவாயிலேயே சாம்பல் பெட்ரல்கள் குஞ்சு பொரிக்கத் திரும்பி வந்தன. அதற்காகத்தான் அந்தப் பாடு. ஆனால் அந்த முடிவு ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: வைரஸ் எப்போதும் வேலை செய்யும், எப்போதும் கிடைக்கும் என்று. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சரிவுகளில் கண்டது: 2000 முதல் 2007 வரை

பயன்படுத்திவந்த அந்த வைரஸ் வகையின் தயாரிப்பு 1990-களின் இறுதியில் நின்றுபோனது. கையிருப்பு கரையத் தொடங்கியது. முயல்களின் எதிர்ப்புச் சக்தி கூடியது. குட்டிகளைப் பிடித்துத் தின்னப் பூனையும் இல்லை. 2006 வாக்கில் முயல்களின் எண்ணிக்கை மறுபடி 1,30,000 அளவுக்கு ஏறிவிட்டது. அதாவது 1978-ல் தொடங்கிய இடத்துக்கே.

2000-ல் எடுத்த செயற்கைக்கோள் படங்களையும் 2007-ல் எடுத்தவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீவின் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் தாவர மூட்டம் மாறியிருந்தது. ஏறக்குறைய 20 சதவீதத்தில் மாற்றம் நடுத்தரம் முதல் கடுமை வரை. இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லத் திரும்பி வந்த புல் ஆறேழு ஆண்டுகளில் போய்விட்டது. ஆளுயரப் புல் நின்ற இடங்களில் முயல் கடித்த குட்டைப் புல்வெளி பரவியிருந்தது. பார்ப்பதற்குப் புல்தரை மாதிரி பசேலென்றுதான் இருக்கும். ஆனால் வேர் மேலோட்டமானது, மண்ணைப் பிடிக்காது.

2006 செப்டம்பரில் லுசிடேனியா விரிகுடாவுக்கு மேலே ஒரு சரிவு பெயர்ந்து விழுந்தது. கீழே அரசப் பென்குயின்களின் குடியிருப்பு. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போனது. முயலுக்கும் பென்குயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வு போதும். பென்குயின் கடலில் தின்கிறது, முயல் மேட்டில் மேய்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதுகூட இல்லை. நடுவில் ஒரு புல்லின் வேர் இருந்தது. அது போனதும், அதுவரை பெய்த அதே மழையே மண்ணைக் கீழே தள்ளிவிட்டது.

இன்னும் இருந்தது. சரிவில் கூடு கட்டும் ஆல்பட்ராஸ்களுக்கு மறைப்பு போயிற்று. வளைகளின் வாய் திறந்து கிடந்ததால் ஸ்குவாக்களுக்கு பெட்ரல் வேட்டை சுலபமாயிற்று. அந்த ஸ்குவாக்களும் முயல்கறி தின்றே பெருகியிருந்தன. 1880-களில் பூனை நின்ற இடத்தில் இப்போது ஸ்குவா நின்றது. எலிகளும் முட்டையையும் குஞ்சையும் விடவில்லை.

காரணம் எது என்ற வாதம்

2009-ல் ஒரு ஆய்வுக் குழு இதைப் பூனை ஒழிப்பின் எதிர்பாராத விளைவாக எழுதியது. செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பூனையைக் கொன்றதால் தீவு அழிந்தது என்று தலைப்புகள் வந்தன. வேறு சில அறிவியலாளர்கள் அதே ஆண்டிலேயே மறுத்தார்கள். வைரஸ் விடுவது நின்றுபோனதும் அதே காலத்தில்தான் நடந்தது, பருவநிலையும் மாறியது, பூனையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முயலை இரண்டு கைகள் அமுக்கிப் பிடித்திருந்தன. ஒன்று வைரஸ், இன்னொன்று பூனை. வைரஸ் உறுதியாக இருந்த காலத்தில் பூனையின் கை எவ்வளவு பலமானது என்று யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகின. எது எத்தனை பங்கு என்று பிரிக்க முயல்வது ஆய்வுக்குத் தேவைதான். ஆனால் களத்தில் இருப்பவருக்கு அதைவிட முக்கியமான செய்தி, ஒரு கை விலகும்போது மற்றக் கையின் பிடியைப் பார்த்தாக வேண்டும் என்பது. இதில் பூனை ஒழிப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், இனி எந்தத் தீவிலும் யாரும் பூனையைத் தொடத் துணிய மாட்டார்கள். அதன் விலையைக் கடற்பறவைகள்தான் கொடுக்கும். அந்தக் கவலை எனக்கு உண்டு.

மூன்றையும் ஒன்றாக: 2007-ல் எடுத்த முடிவு

2007-ல் ஆஸ்திரேலிய அரசும் டாஸ்மேனிய மாநில அரசும் சேர்ந்து 2 கோடியே 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டன. முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே திட்டத்தில் அகற்றுவது என்று முடிவாயிற்று.

ஏன் மூன்றையும்? முயலை மட்டும் அகற்றினால் புல் வளரும். வளர்ந்த புல் எலிக்கு மறைவிடம், அதன் விதை எலிக்குத் தீனி. எலி பெருகினால் பறவைக்கு மறுபடி ஆபத்து. எலியை மட்டும் அகற்றலாம் என்றாலோ, தூவும் நச்சு உணவை முயல்களே தின்று தீர்த்துவிடும், எலிக்கு மிஞ்சாது. ஒன்றை எடுத்தால் மற்றது எழும் என்பதை இந்தத் தீவு அதற்குள் இரண்டு முறை காட்டிவிட்டது. இந்த முறை திட்டம் போட்டவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாடு போதாது, முழு ஒழிப்பே வேண்டும் என்பது இன்னொரு முடிவு. கட்டுப்பாடு என்றால் ஆண்டுதோறும் செலவு, ஆண்டுதோறும் நஞ்சு, ஆண்டுதோறும் வைரஸ். அது எந்த ஆண்டு நிற்குமோ அந்த ஆண்டே எல்லாம் பாழ். அதையும் அனுபவித்தாயிற்று.

வழிமுறை: ப்ரோடிஃபாகூம் என்ற, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சு கலந்த உருண்டைகளை ஹெலிகாப்டரிலிருந்து தீவு முழுக்கத் தூவுவது. ஓர் அடி நிலத்தையும் விடக்கூடாது. பிழைத்தவற்றை நாய்களோடு வேட்டைக்காரர்கள் தேடிப் பிடிப்பது. காலம் குளிர்காலம். அப்போதுதான் ஸ்குவா உள்ளிட்ட பல பறவைகள் தீவில் அதிகம் இருக்காது, முயலும் எலியும் பசியில் இருக்கும், குட்டி போடும் பருவமும் இல்லை.

2010: பாதியில் நின்ற முயற்சி

2010 குளிர்காலத்தில் ஆட்கள் போய் இறங்கினார்கள். வானிலை ஒத்துழைக்கவில்லை. ஹெலிகாப்டர் பறக்கக்கூடிய நாட்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன. தீவின் 8 சதவீதப் பரப்பில் மட்டும் தூவிய நிலையில் அந்த ஆண்டுக்கு நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியது சரியான முடிவு. தூவாத பகுதியிலிருந்து முயலும் எலியும் மறுபடி பரவிவிடும் என்பதால் இந்த வேலையில் அரைகுறைக்கு மதிப்பில்லை. இவ்வளவு செலவு செய்து வந்தாயிற்று, முடிந்தவரை தூவிவிட்டுப் போவோம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். அதற்கு இடம்கொடுக்காமல் திரும்பினார்கள்.

ஆனால் தூவிய அந்தச் சிறு பகுதியிலேயே ஒரு கெட்ட செய்தி காத்திருந்தது. பறவைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. கடற்காகங்கள் சில, நச்சு உருண்டையை நேராகவே தின்றிருந்தன. ராட்சதப் பெட்ரல்களும் ஸ்குவாக்களும் நஞ்சு தின்று செத்த முயலின் பிணத்தைத் தின்று செத்திருந்தன. நஞ்சு உணவு வலையில் ஒரு படி மேலே ஏறிவிட்டது. பறவைச் சாவு இருக்கும் என்று திட்டத்திலேயே எதிர்பார்த்திருந்தார்கள். இந்த அளவை எதிர்பார்க்கவில்லை.

வேலையை நிறுத்தி மறுபரிசீலனை செய்தார்கள். இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, நஞ்சு தூவுவதற்கு முன்பே முயல்களில் பெரும்பகுதியை வேறு வழியில் குறைப்பது. நஞ்சேறிய பிணம் குறைந்தால் பறவைக்குப் போகும் நஞ்சும் குறையும். இரண்டாவது, தூவிய பின் ஆட்கள் நடந்து நடந்து பிணங்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது. இந்த மறுபரிசீலனைதான் மொத்தத் திட்டத்திலும் நான் மிக மதிக்கும் பகுதி. பிணம் தின்னும் பறவை என்ற கண்ணியைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தவர்கள், அதன் எடையை நிலத்தில் பார்த்ததும் திட்டத்தையே மாற்றினார்கள்.

2011: வைரஸ், நஞ்சு, வேட்டை

2011 பிப்ரவரியில் முயல்களுக்கு மட்டும் ரத்தக்கசிவு நோயை உண்டாக்கும் காலிசி வைரஸைத் தீவில் விட்டார்கள். சில வாரங்களில் முயல்களில் பத்தில் எட்டொன்பது பங்கு செத்துப்போயின. அங்கே குளிர்காலமான மே முதல் ஜூலை வரை நான்கு ஹெலிகாப்டர்கள் மொத்தம் சுமார் 305 டன் நச்சு உருண்டையைத் தூவின. தீவு முழுவதும், ஒருமுறைக்கு இருமுறை.

எலியும் சுண்டெலியும் அதற்குப் பிறகு தென்படவே இல்லை. முயல்களில் மிஞ்சியவற்றைத் தேடி ஆகஸ்டிலிருந்து நாய்களும் வேட்டைக்காரர்களும் இறங்கினார்கள். கிடைத்தவை குட்டிகளையும் சேர்த்து 13. லட்சத்துக்கு மேல் இருந்த விலங்கில் மிஞ்சியது 13. அவையும் 2011 முடிவதற்குள் தீர்ந்தன.

இத்தோடு கதை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் வேலையின் பெரும்பகுதி இதற்கு மேல்தான். ஒரு சினை முயல் எங்காவது ஒரு வளைக்குள் பிழைத்திருந்தால் போதும், பத்து ஆண்டுகளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது இருப்பதைக் கொல்வதைவிடக் கடினம். அந்தத் தேடல் குழுவினர் மழையிலும் காற்றிலும் நடந்த மொத்தத் தூரம் 90,000 கிலோமீட்டருக்கும் மேல். பூமியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவந்த தூரம், அத்தனையும் 34 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தீவுக்குள். 2013-ல் எலியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களையும் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. கடைசி முயல் போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்துதான், 2014 ஏப்ரலில் தீவு மூன்று விலங்குகளிடமிருந்தும் விடுபட்டதாக அறிவித்தார்கள்.

பின்விளைவு

குத்துப்புல் திரும்பியது, வேகமாக. முட்டைக்கோஸ் பூண்டும், வெள்ளி நிற இலை விரிக்கும் இன்னொரு பெரும்பூண்டும் சரிவுகளில் நிறைந்தன. சிலந்தி, அந்துப்பூச்சி போன்ற சிறு உயிர்கள் எலியின் பல்லிலிருந்து தப்பிப் பெருகின. கடல் நடுப் பாறைகளுக்கு ஒதுங்கியிருந்த நீலப் பெட்ரல் பெருந்தீவிலேயே வளை வைத்தது. கடல், பறவை, மண், புல் என்ற அந்தச் சுற்று மறுபடி ஓட ஆரம்பித்தது.

விலையும் கொஞ்சமல்ல. இரண்டு ஆண்டுகளின் நச்சுத் தூவலிலும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. அந்தக் கணக்கில் வருவது கண்ணில் பட்டவை மட்டும். ஸ்குவாக்களுக்கு நஞ்சோடு இன்னொரு அடியும் விழுந்தது. முயல்கறியை நம்பிப் பெருகியிருந்த அந்தப் பறவைக்கு முயலே இல்லாமல் போனது. முயல் போன பின் தீவில் குஞ்சு பொரிக்கும் ஸ்குவாக்களின் எண்ணிக்கை குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இதை இழப்பு என்பதா, செயற்கையாக ஏறிய எண்ணிக்கை பழைய மட்டத்துக்கு இறங்கியது என்பதா? முயல் வருவதற்கு முன் எத்தனை ஸ்குவாக்கள் இருந்தன என்ற கணக்கு யாரிடமும் இல்லாதபோது, அவசரப்பட்டு எதையும் சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன்.

எல்லாமும் திரும்பிவிடவில்லை. மேட்டு நிலத்தில் மெத்தை மெத்தையாகப் படரும் ஒரு செடி இந்தத் தீவில் மட்டுமே உண்டு. 2008 இறுதியில் அது பெரும் பரப்பில் பட்டுப்போவது கவனத்துக்கு வந்தது. 2010-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இதற்கு முயல் காரணமல்ல. வளர்பருவத்தில் காற்றும் ஈரமும் மாறியதால் செடி வலுவிழந்ததும், அதில் நோய்க்கிருமி ஏறியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எந்த விலங்கை அகற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. கிளியும் நீர்க்கோழியும் திரும்பப் போவதில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுபடி செய்வதாக இருந்தால்

வரிசையை மாற்றியிருக்கலாமா என்ற கேள்வி முதலில் வரும். பூனைக்கு முன்பே முயலை ஒழித்திருந்தால்? பசித்த பூனைகள் மிச்சமிருந்த பெட்ரல்களைத் துடைத்து எடுத்திருக்கும். 1980-களில் கண்டது அதைத்தான். ஆகவே பூனை முதலில் என்பது தவறல்ல. தவறிய இடம் இடைவெளி. கடைசிப் பூனை போனது 2000-ல், முயலுக்கான பணம் ஒதுக்கியது 2007-ல், முயல் போனது 2011-ல். 1,500 கிலோமீட்டர் கடல் தாண்டி, ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்ய முடிகிற இடத்தில், இரண்டு திட்டங்களையும் ஒரே மூச்சில் போட்டிருந்தால்கூட ஓரிரு ஆண்டு இடைவெளி விழுந்திருக்கும். பதினோரு ஆண்டு விழுந்திருக்காது.

இரண்டாவது, வைரஸ் தயாரிப்பு நின்ற அன்றே எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். பூனை ஒழிப்பு ஒரு கோப்பிலும் முயல் கட்டுப்பாடு இன்னொரு கோப்பிலுமாக இருந்தால் அந்த மணி யார் காதிலும் விழாது. இந்த மாதிரி வேலையில் இறங்கும் யாரும், தாங்கள் தொடப்போகும் விலங்கின் பெயரை நடுவில் எழுதி, அது எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது, அதன் பிணத்தை எது தின்கிறது, அது இல்லாவிட்டால் எது எழும் என்று நான்கு பக்கமும் கோடு போட்டு ஒரே தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, அந்தக் கோடு இன்றைக்கு எதனால் தாங்கப்படுகிறது என்றும் எழுத வேண்டும். மக்குவாரியில் அப்படி எழுதியிருந்தால் முயலுக்கு எதிரே ‘ஆண்டுதோறும் கப்பலில் வரும் வைரஸ் குப்பிகள்’ என்று இருந்திருக்கும்.

மூன்றாவது பிணங்கள். 2010-ல் கண்டுகொண்டதை ஒரு சிறு பரப்பில் முன்னோட்டமாகத் தூவிப் பார்த்தே கண்டுகொண்டிருக்கலாம். காலிசி வைரஸை முதலாண்டிலேயே பயன்படுத்தியிருந்தால் சில நூறு பறவைகளாவது மிஞ்சியிருக்கும்.

நான்காவது, அடிப்படைக் கணக்கு. தீவின் தாவரங்களையும் பறவைகளையும் 2000-க்கு முன் இன்னும் ஒழுங்காக எண்ணி வைத்திருந்தால், 2009-ன் வாதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது. வேலையைத் தொடங்கும் முன் எண்ணுவதற்குப் பணம் கேட்டால் எந்த நிதித் துறையும் முகம் சுளிக்கும். அப்படியும் கேட்க வேண்டும்.

இப்போது தீவுக்குப் போகும் சரக்கு டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் மோப்ப நாய்களின் முன்னால் வைக்கப்படுகிறது. மாவு மூட்டை, கருவிப் பெட்டி, உதிரிப் பாகம் எதுவும் விலக்கில்லை. வாடை பிடித்து நாய் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெட்டி கப்பலில் ஏறாது, பிரித்துப் பார்க்கிறார்கள்.